தேவாங்கு: பழிக்கப்பட்ட பெயரும் பழிக்கப்பட்ட நிலமும்

(திங்கட் கூட்டப் பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மொழியைப் பேசும் மக்கள் தம் மண்ணில் வாழும் உயிரிகளின் பெயரை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்று பார்த்தால், அம்மண்ணை அவர்கள் எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பது விளங்கிவிடும். மயில் என்றால் அழகு, யானை என்றால் பெருமை, புலி என்றால் மறம். இப்பெயர்களை ஒருவர்மேல் ஏற்றிச் சொன்னால் அவர் மகிழ்கின்றார். தேவாங்கு என்று சொன்னால் என்ன ஆகும்? மெலிந்த உடலும் விழித்த கண்ணுமாக ஒரு சிறுவன் வகுப்பறைக்குள் வந்து நின்றால், பின்வரிசையிலிருந்து இப்பெயர் எழுகின்றது. அவன் தலை கவிழ்கின்றது. தமிழில் தேவாங்கு என்னும் சொல் இன்று பெரும்பாலும் வாழ்வது இந்த ஏச்சில்தான்.

அவ்வாறு ஏசுவோரில் நூற்றுக்கு ஒருவரேனும் அவ்வுயிரியைக் கண்டதுண்டா? அது எங்கு வாழ்கின்றது, எதனை உண்கின்றது, எவ்வளவு பெரிது என்று கேட்டால் விடை கூறுவோர் எத்தனைப் பேர்? பொருள் மறைந்து ஏச்சு மட்டும் எஞ்சிய சொல், உயிர் போன பின்னும் அசைக்கப்படும் உடல் போன்றது. அச்சொல்லுக்கு மீண்டும் பொருள் ஊட்டுவதே இப்பொழிவின் நோக்கம்.

முதலில் அதன் உருவத்தைக் காண்போர் கண்முன் நிறுத்துதல் வேண்டும்.

தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் வாழும் சாம்பல்நிறத் தேவாங்கு, தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 18 முதல் 26 செ.மீ. நீளமே உடையது. எடை கால் கிலோவை ஒட்டியது. கொழுத்த மாம்பழம் ஒன்றின் எடை என்று கொள்ளலாம். வால் வெளியே தோன்றாது. கைகால்கள் உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்டு, எழுதுகோற் பருமனே கொண்டிருக்கும். முகம் சிறிது, அச்சிறு முகத்தின் பெரும்பகுதியைக் கண்களே கொள்ளைகொண்டிருக்கும். இரு கண்களையும் சுற்றிக் கருமை படர்ந்த வளையம். அவற்றின் நடுவே நெற்றியிலிருந்து மூக்குவரை இறங்கும் வெண்கோடு. செவிகள் மெல்லியனவாய், அகன்று, ஒளி ஊடுருவுவன போல் விளங்கும். மூக்கு நாயின் மூக்கைப் போல் ஈரம் படிந்தது.

அக்கண்கள் ஏன் அவ்வளவு பெரியன? தேவாங்கு இரவில் இயங்கும் உயிரி. விண்மீன் ஒளியையும் வீணாக்காமல் வாங்கிக்கொள்வதற்கு அகன்ற கண் வேண்டும். அது மட்டுமன்று. விழித்திரைக்குப் பின்னால் மிளிர்படலம் ஒன்று அமைந்துள்ளது. விழித்திரையைக் கடந்து சென்ற ஒளியை அது கண்ணாடிபோல் திருப்பி அனுப்ப, அதே ஒளி இரண்டாம் முறையும் பயன்படுகின்றது. இருட்டில் விளக்கொளி பட்டால் தேவாங்கின் கண்கள் தணல்போல் செம்மை பூத்து ஒளிர்வது இதனாலேயே. பேய்க்கண் என்று அஞ்சி ஓடியவர் கண்டது, இயற்கை அமைத்த ஒரு கண்ணாடியை!

கைகளைப் பாருங்கள். கட்டைவிரல் ஏனைய விரல்களுக்கு நேர் எதிராக விரிந்து நிற்கும்; சுட்டுவிரலோ குறுகிப்போயிருக்கும். இதனால் கையும் காலும் குறடுபோல் கிளையைக் கவ்விக்கொள்ளும். கைகால்களுக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் பலவாகக் கிளைத்து வலைபோல் பின்னியுள்ளன. ஒரு கிளையை நெடும்பொழுது பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தாலும் தசை சோர்ந்துபோகாமைக்கு இவ்வமைப்பே துணை என்பர் விலங்கியலார். பின்னங்கால்களால் மட்டும் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, இரு கைகளையும் நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும் திறம் அதற்குண்டு.

கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆறும் ஒன்றோடொன்று நெருங்கி முன்னோக்கிச் சாய்ந்து சீப்பாக அமைந்துள்ளன. அப்பற்சீப்பால் அது தன் மயிரைக் கோதிக்கொள்ளும். காலின் இரண்டாம் விரலில் மட்டும் கூரிய உகிர் ஒன்று நிற்கும்; அதுவும் கோதுதற்கே. மற்ற விரல்களில் மாந்தர்க்குள்ளவை போன்ற தட்டை நகங்களே உள்ளன.

அந்நகங்களும், முன்னோக்கிய இரு கண்களும், பற்றும் கையும் அதன் உறவை அறிவிக்கின்றன. மாந்தன், வாலில்லாக் குரங்கு, குரங்கு ஆகிய யாவும் அடங்கிய பேரினத்தை முதனிகள் என்று தமிழில் வழங்குவர். தேவாங்கும் ஒரு முதனியே. ஆயினும் அது குரங்கு அன்று. முதனிகளின் குடிவழியில் குரங்குகளுக்கும் மாந்தர்க்கும் வழிவகுத்த கிளை ஒருபுறம் பிரிந்தது. ஈரமூக்கு முதனிகளின் கிளை மறுபுறம் பிரிந்தது. அப்பிரிவு நிகழ்ந்தது ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர். அவ் ஈரமூக்குக் கிளையில் வந்தவை மடகாசுக்கர்த் தீவின் இலெமூர்கள், ஆப்பிரிக்காவின் பொட்டோக்கள், தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவின் வடகிழக்கிலும் வாழும் பருத்த தேவாங்குகள், தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் வாழும் மெல்லிய தேவாங்குகள். மடகாசுக்கரில் ஏறத்தாழ 30 கிராம் எடையே உள்ள எலியளவு இலெமூர் ஒன்று உண்டு. உலக முதனிகளில் சிறியது அதுவே. இந்தியாவின் முதனிகளில் சிறியது மெல்லிய தேவாங்கே.

இனி அதற்கு இடப்பட்ட பெயர்களைக் காண்போம். தமிழ் அன்பர் கருதத்தக்க செய்தி இங்கேதான் உள்ளது.

உயிரிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு இலின்னேயசு. அந்நாட்டு மன்னர் அடோல்பு பிரடெரிக்கின் அருங்காட்சிப் பொருள்களைக் குறித்து 1754இல் அவர் வெளியிட்ட பட்டியலில் தேவாங்கு இடம்பெற்றது. அதற்கு அவர் இட்ட பெயர் இலெமூர் தார்திகிராதசு. உரோமர் வழக்கில் 'இலெமூர்கள்' என்பன இறந்தோரின் ஆவிகள். 'தார்திகிராதசு' என்றால் மெல்லடி வைப்பது. இரவில் திரிவதாலும், ஓரளவு மாந்தரைப் போன்றிருப்பதாலும், மெல்ல நடப்பதாலும் அப்பெயரிட்டதாக அவரே விளக்கினார். ஆக, இன்று உலகம் முழுதும் மடகாசுக்கர் உயிரிகளுக்கு வழங்கும் இலெமூர் என்னும் பெயர், முதன்முதலில் சூட்டப்பட்டது தேவாங்குக்கே. பின்னர் அப்பெயர் மடகாசுக்கர் உயிரிகளுக்கே உரியதாக, தேவாங்குக்கு 'இலோரிசு' என்னும் பெயர் வாய்த்தது. அது கோமாளி, பேதை என்னும் பொருளுடைய பழைய டச்சுச் சொல்லினின்று வந்திருக்கலாம் என்பர் அகராதியாளர்.

எண்ணிப் பாருங்கள்! தொலைவிலிருந்து வந்து, உயிரற்ற உடலைக் குடுவையில் பார்த்தவர்கள் அதனைப் பேய் என்றனர், கோமாளி என்றனர், மெல்லடியான் என்றனர். அவர்களேனும் அயலார். அதனோடு ஒரே மண்ணில் வாழும் தமிழர் அதன் பெயரை ஏச்சாக்கினர். யார் குற்றம் பெரிது?

அண்டை மொழிகளைப் பாருங்கள். மலையாளத்தார் குட்டித்தேவாங்கு என்கின்றனர். அதில் ஒரு குழைவு உண்டு. கன்னடத்தாரோ காடுபாப்பா என்கின்றனர். காட்டின் குழந்தை! அகன்ற கண்ணும் பற்றும் கையும் உடைய அவ்வுயிரியைக் கண்ட ஒரு சிற்றூர்த் தாய், தன் மடியில் கிடக்கும் மகவை நினைத்து இட்ட பெயராகத் தோன்றுகின்றது அது. திராவிட மொழிக் குடும்பத்தின் ஓர் உடன்பிறப்பு காட்டின் குழந்தை என்று அழைக்கும் உயிரியின் பெயரை, மூத்த மொழியினர் பள்ளிச் சிறுவனை அழவைப்பதற்குப் பயன்படுத்துவது பெருமையாகுமா?

மெல்லடியான் என்னும் பெயரும் பிழையானது. தேவாங்கு தாவுவதில்லை என்பது உண்மை. கிளைவிட்டுக் கிளை செல்லும்போது ஒரு கையையேனும் விடாமல் பற்றிக்கொண்டே செல்லும். இரையை நெருங்கும்போது இலை அசையாத மெதுவுடன் நகரும். ஆனால் வேண்டும்போது கிளைகளின்மேல் விரைந்தோடும். மரங்கள் தொடர்பற்று நிற்குமிடத்தில் தரையிலிறங்கியும் ஓடிக் கடக்கும். கூட்டுக்குள் அடைபட்டு நடுங்கும் தேவாங்கைக் கண்டவர் அதனைச் சோம்பல் உடையதென்று எண்ணினர். சிறைப்பட்டவனின் நடையைக் கண்டு அவன் இனத்தின் நடையை அளக்கலாமா?

அதன் மெய்யான வாழ்க்கையை உலகம் அறிந்ததில் திண்டுக்கல் மாவட்டத்துக்குத் தனிப்பங்கு உண்டு. 1997, 1998ஆம் ஆண்டுகளில் நெக்காரிசு என்னும் பெண் ஆய்வாளர் அய்யலூர்க் காட்டில் இரவிரவாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஆங்குக் கண்ட உண்மைகள் பழைய எண்ணங்கள் பலவற்றை மாற்றின.

தேவாங்கு தனித்தே வாழும் உயிரி என்று முன்னர்க் கருதினர். அய்யலூர்த் தேவாங்குகளோ பகலில் தாயும் குட்டிகளும் ஆண்களுமாக ஒருங்கே உறங்கின. அவை கூடு கட்டுவதில்லை. முள் அடர்ந்த கிளைச் சிக்கலில் ஒன்றையொன்று பற்றிப் பந்துபோல் சுருண்டு கிடக்கும். பொழுது சாய்ந்ததும் ஒன்றையொன்று கோதிவிட்டு, இரைதேடப் பிரிந்து செல்லும். இருளில் தொலைவிலுள்ள துணையைச் சீழ்க்கைக் குரலால் அழைக்கும். விடியுமுன் மீண்டும் ஒன்றுகூடும்.

ஏறத்தாழ ஐந்தரைத் திங்கள் கருவைச் சுமந்து, ஒன்றோ இரண்டோ குட்டிகளை ஈனுகின்றது தாய். அய்யலூர்ப் பகுதியில் இரட்டைக் குட்டிகள் அருமையல்ல. முதற் சில கிழமைகள் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே திரியும். பின்னர், அந்தியில் தாய் குட்டியை ஒரு கிளையில் பற்றவைத்துவிட்டு இரைதேடச் செல்கின்றது. விடியலில் திரும்பி வந்து எடுத்துக்கொள்கின்றது. இடைப்பட்ட இரவில் ஆண் தேவாங்குகள் அக்குட்டிகளிடம் வந்து, அவற்றைக் கோதியும் விளையாடியும் செல்வதுண்டு. தந்தையர் கடமையை இரவில் ஆற்றும் அவ்வுயிரியைத்தான் கோமாளி என்றது அயலார் நா.

அதன் உணவில் மிகப்பெரும் பங்கு சிற்றுயிர்களே. எறும்பு, கறையான், வண்டு, பிற பூச்சிகள் ஆகியவற்றை உண்ணும், மரப்பிசினையும் நக்கும். பிற உயிர்கள் தொடத் தயங்கும் கடுநாற்றப் பூச்சிகளையும் அது விடுவதில்லை. வயலோர மரங்களில் வாழும் தேவாங்கு பயிரைத் தின்னும் பூச்சிகளை இரவெல்லாம் பொறுக்குகின்றது. உழவன் உறங்கும்போது அவன் வயலைக் காக்கும் கூலியில்லாக் காவலன் அது.

இனி அதன் வாழிடம்.

மெல்லிய தேவாங்குகளை இரண்டு இனங்களாகப் பகுப்பர். செந்நிறத் தேவாங்கு ஈழத்தில் மட்டுமே உள்ளது. தென்மேற்குத் தாழ்நிலத்தின் ஈரக்காடுகளிலும் நடுமலையிலும் வாழ்வது. எடை 170 கிராமைத் தாண்டுவது அருமை. அதன் மலைவகை ஓர்ட்டன் சமவெளியின் குளிர்க்காட்டில் வாழ்கின்றது. குறுகிய கைகால்களும் அடர்ந்த மயிரும் உடையது. 1939க்குப் பின் 2002 வரை அதனைக் கண்டவர் இல்லாமையால், அற்றே போயிற்று என்று பலர் எண்ணியிருந்தனர். அதன் ஒளிப்படம் 2010இல் வெளிவந்தபோதே உலகம் அதன் முகத்தைக் கண்டது.

சாம்பல்நிறத் தேவாங்கு தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் வாழ்கின்றது. 1908இல் கப்ரேரா என்பவர் அதற்கு இலிடெக்கர் என்னும் ஆங்கிலேய விலங்கியலாரின் பெயரைச் சேர்த்துப் பெயரிட்டார். தமிழ்க் காட்டு உயிரியின் அறிவியற் பெயரில் ஓர் ஆங்கிலேயர் நிலைத்துவிட்டார்! தென்னிந்தியாவில் இதன் இரு வகைகள் உள்ளன. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழும் சிறிய செம்பழுப்பு வகை. களக்காடு, முண்டந்துறைப் பகுதிகளில் இது காணப்படுகின்றது. மற்றொன்று வறண்ட நிலத்துச் சாம்பல் வகை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர், அய்யலூர்ப் பகுதிகள் இதன் தலைசிறந்த உறைவிடங்கள்.

கடவூரைக் கண்டவர் அதன் அமைப்பை மறவார். சுற்றிலும் மலைகள் கோட்டைச் சுவர்போல் சூழ, நடுவே கிண்ணம்போல் கிடக்கின்றது அந்நிலம். அம்மலைச் சரிவுகளில் வானளாவிய மரங்கள் இல்லை. வேலும் உசிலும் கிளுவையும் கள்ளியும் முள்ளும் பின்னிக் கிடக்கும் குறுங்காடே உள்ளது. வழிப்போக்கர் கண்ணுக்கு அது காடாகவே தோன்றாது. ஆனால் கால்கிலோ எடையுள்ள உயிரிக்கு, கிளையோடு கிளை பின்னிய அம்முட்புதரே கோட்டை, வேலமுள்ளே வேல். அடர்ந்த புதரே அதன் சாலை. அது அறுந்தால் தேவாங்கின் வழி அறும்.

இங்கேதான் இன்னொரு பழிச்சொல் எதிர்ப்படுகின்றது.

இத்தகைய நிலத்தை மக்கள் வழக்கு என்னவென்று அழைக்கின்றது? பொட்டல் என்கின்றது, தரிசு என்கின்றது, புறம்போக்கு என்கின்றது. புறம்போக்கு என்பது நல்ல தமிழ்ச்சொல். வரிவிதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சலுக்கும் ஏரிக்கும் இடுகாட்டுக்கும் ஊர்ப்பொதுவுக்கும் உரிய நிலம் அது. இன்றோ அச்சொல்லும் ஏச்சாயிற்று. பயனற்றவன் என்று ஒருவனை இகழப் புறம்போக்கு என்கின்றனர்! உயிரியின் பெயரும் ஏச்சு. அது வாழும் நிலத்தின் பெயரும் ஏச்சு. இவ்விரண்டு ஏச்சுகளும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

நிலத்தை விளைநிலம், வீண்நிலம் என்று இரண்டாகப் பிரித்தது ஆங்கிலேயர் ஆட்சியின் வரிக்கணக்கு. வரி தருவது நிலம். வரி தராதது வீண். அக்கணக்கர்க்குக் காசு ஒன்றே கண். தமிழ் மரபோ அவ்வாறு நிலத்தைப் பார்க்கவில்லை. தொல்காப்பியம் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தது. ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் எனக் கருப்பொருள்களை வகுத்தது. வறண்ட பாலைக்கும் அதற்குரிய விலங்கும் மரமும் ஒழுக்கமும் உண்டு என்று கண்டது. வீண்நிலம் என்னும் திணை தமிழ் இலக்கணத்தில் இல்லை! திணை வகுத்த மக்களின் வழித்தோன்றல்கள், வரிக்கணக்கன் தந்த சொல்லைக் கொண்டு தம் நிலத்தைப் பார்ப்பது அடிமைத்தனத்தின் நெடுநிழல் அன்றோ?

இதனால் விளையும் கேடு சொல்லளவில் நிற்பதில்லை. பொட்டல் என்று பெயரிட்டதும் மண்வெட்டி வருகின்றது. கல்லுடைக்கும் பொறி வருகின்றது. மனைப்பிரிவுக் கற்கள் நடப்படுகின்றன. வயலோர உயிர்வேலியை வெட்டிக் கம்பிவேலி இடுகின்றனர். கிளைத்தொடர் அறுந்த இடத்தில் தேவாங்கு தரையிலிறங்கிச் சாலையைக் கடக்கின்றது; விரையும் ஊர்திச் சக்கரத்தில் நசுங்குகின்றது. மின்கம்பியைக் கிளையென்று பற்றி மாய்வதும் உண்டு.

இவற்றோடு குருட்டு நம்பிக்கையும் கூட்டுச் சேர்ந்தது. தேவாங்கைக் காண்பது தீக்குறி என்று கல்லால் அடித்தவர் உண்டு. அதன் கண்ணும் எலும்பும் மயிரும் மருந்தாகும், வசியமாகும் என்று கொன்றவர் உண்டு. கூட்டிலடைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் குறி சொல்லிப் பிழைத்தவர் உண்டு. தன் உயிரைக் காத்துக்கொள்ள இயலாமல் கூட்டில் நடுங்கும் உயிரி, பிறர் வாழ்வின் நாளையை எங்ஙனம் காட்டும்? பகுத்தறிவுள்ள எவரும் கேட்கவேண்டிய வினா இது. கண்ணோயைத் தீர்க்கும் ஆற்றல் தேவாங்கின் கண்ணில் இல்லை. அக்கண்ணை ஆராயும் அறிவில்தான் உள்ளது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதற்கில்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டம் தேவாங்கை முதற்பட்டியலில் வைத்துள்ளது. அதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். 2022ஆம் ஆண்டு (தி.பி. 2053) அக்தோபரில் தமிழ்நாட்டு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைக் கடவூர்த் தேவாங்குக் காப்பிடமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதற் காப்பிடம் அதுவே. புலிக்கும் யானைக்கும் காப்பிடம் அமைப்பது அரிதன்று. அவற்றின் பெருமையை எல்லாரும் அறிவர். கால்கிலோ உயிரிக்காக ஒரு காட்டையே ஒதுக்கியது பாராட்டத்தக்க செயல். பிறர் பொட்டல் என்ற நிலத்தை அரசாணை ஒன்று காடு என்று ஒப்புக்கொண்டதே அதன் பெருஞ்சிறப்பு.

ஆனால் காப்பிடத்தின் எல்லையைத் தேவாங்கு அறியாது. எல்லைக்கு வெளியே உள்ள வயலோரத்திலும் தோப்பிலும் ஊர்ப்புறம்போக்கிலும் அது வாழ்கின்றது. அங்கு அதனைக் காப்பது சட்டமன்று. அவ்வூர் மக்களின் உள்ளமே. உள்ளத்தை மாற்றுவது மொழியின் வேலை.

இங்குத் தனித்தமிழ்த் தொண்டர்க்கு ஒரு கேள்வி எழுகின்றது. வடசொல்லைக் களைந்து தமிழ்ச்சொல்லை இடுவதோடு அவர் தொண்டு முடிந்துவிடுமா? சரணாலயம் என்னும் பலகையை எடுத்துவிட்டுக் காப்பிடம் என்னும் பலகையை நட்டால் போதுமா? போதாது. பலகையில் தூய தமிழ் இருந்து, பலகைக்குப் பின்னால் காடு இல்லாவிட்டால், அத்தமிழ் எதனைக் குறிக்கும்? சொல் பொருளைச் சுட்டுவதற்கே பிறந்தது. பொருள் அழிந்தபின் சொல்லை மட்டும் தூய்மையாகப் போற்றுவது, வீடு எரிந்தபின் திறவுகோலைத் துலக்கி வைப்பதை ஒக்கும்.

ஆகவே செய்யத்தக்கன சிலவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆடு மேய்ப்போரும் தேன் எடுப்போரும் விறகு பொறுக்குவோரும் அக்காடுகளின் உண்மையான புலவர்கள். புதருக்கும் பூச்சிக்கும் இரவுக்குரலுக்கும் அவர்களிடம் பெயர்கள் உள்ளன. அகராதி ஏறாத அச்சொற்கள் முதியோர் நாவோடு மறைந்துகொண்டிருக்கின்றன. தமிழ் மன்றங்கள் அச்சிற்றூர்களுக்குச் சென்று அவற்றைத் தொகுக்கலாம். புதுச்சொல் புனைவதினும் இருக்கும் சொல்லைக் காப்பது முந்திய கடமை.

பள்ளி ஆசிரியர்கள் முதனி, மிளிர்படலம், பற்சீப்பு என்று தமிழிலேயே இவ்வுயிரியைக் கற்பிக்கலாம். தமிழில் அறிவியல் வாராது என்போர்க்கு இதைவிட எளிய மறுமொழி வேறில்லை. வகுப்பறையில் ஒரு சிறுவனைத் தேவாங்கு என்று மற்றொருவன் ஏசினால், ஆசிரியர் அதட்டி அமர்த்துவதோடு நில்லாமல், தேவாங்கு எத்தகையது என்பதை அன்றே பாடமாக்கலாம். ஏசியவனும் அறிவான், ஏசப்பட்டவனும் நிமிர்வான்.

உழவர்கள் உயிர்வேலியை விட்டுவைக்கலாம். காட்டோரச் சாலையில் இரவில் ஊர்தி செலுத்துவோர் விரைவைக் குறைக்கலாம். தேவாங்கை எங்கேனும் கூட்டில் கண்டால் வனத்துறைக்குச் சொல்லலாம். இவற்றில் எதற்கும் பெரும்பொருள் வேண்டா. அறிவும் இரக்கமும் போதும்.

தமிழ்ப் பெருமக்களே! சிறியது என்பதால் எளிதில் அழிக்கப்படும் உயிரியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியது ஏன் என்று எவரேனும் கேட்கலாம். சிறியதற்கும் வாழ்வுரிமை உண்டு, பெரியது சிறியதை விழுங்குதல் அறமன்று என்பதைத்தானே மொழியுரிமைக்காக நிற்போரும் சொல்லிவருகின்றனர்? பெருமொழி சிறுமொழியை விழுங்கக்கூடாது என்று மேடையில் முழங்குவோர், தம் ஊர்ப்புறத்துச் சிற்றுயிர் விழுங்கப்படுவதைக் கண்டும் வாளா இருத்தல் முறையாகாது. ஓர் அறம் ஓரிடத்தில் மெய்யாகவும் மற்றோரிடத்தில் பொய்யாகவும் இருத்தல் இயலாது.

தமிழ் வாழ்க என்றால் தமிழ் பேசும் மண்ணும் வாழ்க என்பதே பொருள். அம்மண்ணின் முட்புதரும், அதில் சுருண்டுறங்கும் காட்டுக் குழந்தையும் வாழ்ந்தால்தான் அவ்வாழ்த்து நிறைவுறும். தேவாங்கு என்னும் சொல் ஏச்சினின்று விடுதலை பெறுக! புறம்போக்கு என்னும் சொல் இழிவினின்று விடுதலை பெறுக!

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ்நிலம்! வாழ்க அந்நிலத்து உயிர்களெல்லாம்!